புழு வளர்க்கும் வீட்டில் பூச்சி மருந்துக்கு இடமில்லை

உடுமலைப்பேட்டையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்திமலைக்குப் போகும் சாலையில் தென்னந்தோப்புகளும் மக்காச்சோளக் காடுகளும் மாறி மாறி வரும். நடுவில், இடுப்பளவு உயரத்தில் வரிசை பிடித்து நிற்கும் அடர்பச்சைத் தோட்டங்கள்தான் மல்பெரி. பக்கத்திலேயே நீளமாக ஒரு கட்டடம் இருக்கும். சன்னலுக்கெல்லாம் நைலான் வலை அடித்து, வாசற்படியில் சுண்ணாம்புத் தூள் தூவியிருப்பார்கள். அது புழு வளர்ப்பு மனை. அதிலிருந்து பத்து இருபது அடி தள்றி வீடு. வீட்டு முன்னால் செம்பருத்தி, ரோஜா, துளசி, கறிவேப்பிலை, பெயின்ட் டப்பாவில் ஒரு மணிபிளான்ட், ஓரத்தில் தானாக முளைத்த பப்பாளி. பி.ஏ.பி. வாய்க்கால் பாயும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலான பட்டு விவசாயிகளின் வாசல் இப்படித்தான் இருக்கும்.

தொட்டிச் செடியில் வெள்ளையாக மாவு அப்பிக்கொண்டால் என்ன மருந்து அடிப்பது என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கப்படுவதுதான். இந்த ஊர்களில் மட்டும் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் இங்கே சோறு போடுவதே ஒரு பூச்சி. பட்டுப்புழுவும் பூச்சி இனம்தான். மாவுப்பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு, எது செம்பருத்தியில் இருக்கிறது, எது மனைக்குள் தட்டில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் சென்ற கோடையில் நடந்தது இது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் மகன், நண்பர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் கொடுத்த அடுக்குச் செம்பருத்தித் தொட்டியை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல செடி, மொட்டு நிறைய. வாசலில் பழைய செம்பருத்திக்குப் பக்கத்திலேயே வைத்தாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து அடுத்த லீவுக்கு வந்தபோது இரண்டு செடிகளிலும் கொழுந்து சுருண்டு, கணுவுக்குக் கணு பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. கீழ் இலைகள் பிசுபிசுவென்று, மேலே கரி பூசினதுபோல் கறுத்திருந்தன. மகன் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஒரு பாட்டிலோடு திரும்பினார்.

அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார்.

“டேய் கண்ணு, அந்த பாட்டல உள்ள கொண்டாராத. புழு அஞ்சாம் பருவத்துல இருக்குது. இன்னும் நாலு நாள்ல கூடு கட்டப் போகுது.”

“வாசல்ல இருக்கற செடிக்குத்தானம்மா அடிக்கறேன். மனைக்குள்ளயா அடிக்கப் போறேன்?”

“காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்தயா?”

பாட்டில் திரும்பக் கடைக்கே போனது.

அந்த அம்மாவின் பயம் வெறும் பயமில்லை. பட்டுப்புழு முட்டையிலிருந்து கூடு கட்டும்வரை ஏறக்குறைய 25 நாள் தின்கிறது. நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவம் கடக்கிறது. மொத்தத் தீனியில் பெரும்பகுதி ஐந்தாம் பருவத்தில்தான் உள்ளே போகிறது. விவசாயி வெட்டிப் போட்ட தழை, கொடுத்த கூலி, பட்ட கண்விழிப்பு எல்லாம் அந்த ஏழெட்டு நாளில் புழுவின் வயிற்றில் இருக்கும். அந்த நேரத்தில் மருந்து பட்ட தழையைத் தின்றால் புழு தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும், பச்சைத் தண்ணீராக வாந்தி எடுக்கும், உடம்பு சுருங்கிக் கிடக்கும். அரை நாளில் மனை முழுக்க நாற்றம். தருமபுரிக்கோ கர்நாடகத்தின் ராமநகரத்துக்கோ போயிருக்க வேண்டிய கூடு, குழிக்குப் போகும்.

இதே தெருவில் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னால், கடை மருந்தே வேண்டாம் என்று புகையிலையை ஊறவைத்து வடிகட்டிக் கறிவேப்பிலைச் செடிக்கு அடித்தார். அசுவினி போய்விட்டது. சாரல் மல்பெரியின் முதல் இரண்டு வரிசையில் பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்தத் தழையை வெட்டிப் போட்ட தட்டுகளில் ஒரு புழுகூட மிஞ்சவில்லை. இயற்கை மருந்து ஆபத்தில்லாதது என்ற பேச்சு இந்த ஊரில் அன்றோடு முடிந்தது. மல்பெரிக்குப் பக்கத்தில் புகையிலைப் பயிரே வைக்கக் கூடாது என்பது பட்டு வளர்ப்பில் பழைய விதி. புகையிலையில் இருக்கும் நிகோடின் பட்டுப்புழுவுக்கு அவ்வளவு கொடிய நஞ்சு.

இந்த விஷயத்தில் இயற்கை விவசாயம் செய்பவர்களே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வேப்பெண்ணெய் வேறு எங்கும் முதல் மருந்து. இங்கே, வேப்பெண்ணெய் வாடை பட்ட தழையைப் புழு தின்னாது, தின்றாலும் தோலுரிக்கத் திணறும். காய்ப்புழுவுக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, பட்டுப்புழுவின் குடலையும் அதேபோல் அரித்துவிடும். பிவேரியா பேசியானா என்ற பூஞ்சணத் தூளைப் பல ஊர்களில் நல்ல உயிரி மருந்து என்று பரிந்துரைக்கிறார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் பட்டுப்புழுவுக்கு வரும் சுண்ணாம்புக்கட்டி நோய்க்குக் காரணமே அந்தப் பூஞ்சணம். செத்த புழு சாக்பீஸ் மாதிரி விறைத்து வெளுத்துக் கிடக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கி வாசலில் தெளிப்பது, நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். வீட்டுக்குள் ஓடும் எறும்புக்குத் தரையில் கோடு போடும் மருந்துச் சாக்பீஸ், கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் மாட்டும் கொசு மருந்து இவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்திராய்டு வகை நஞ்சு. மனைக்குப் போய் வருகிற வீட்டில் இவற்றையும் ஒதுக்கி, கொசுவலை கட்டித்தான் படுக்கிறார்கள்.

இத்தனையையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தச் செம்பருத்திக்கு அந்த அம்மா செய்ததைப் பார்த்தால் தெரியும்.

முதல் வேலையாகப் புதுத் தொட்டியை வாசலிலிருந்து எடுத்து, மல்பெரிக்கு எதிர்ப்பக்கம் பின்கட்டில் இருக்கும் முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோனார். சுருண்டு முடிச்சு விழுந்த கொழுந்துகளை அரையடி நீளத்துக்கு வெட்டி, வெட்டிய கையோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார். பை வெயிலில் இரண்டு நாள் கிடந்தது, பிறகு எரித்தார்கள். வெட்டிய கொம்பை வாய்க்காலில் வீசுவதும், குப்பைமேட்டில் போடுவதும், ஆட்டுக்குப் போடுகிறேன் என்று காட்டுக்குள் இழுத்துப் போவதும் பூச்சிக்கு வண்டி பிடித்துக் கொடுப்பதுதான். மாவுப்பூச்சியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும், வேட்டி சேலையில் ஒட்டிக்கொண்டும் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வீசும் ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்றாலைக்காரர்கள் கொண்டாடுகிற அதே காற்றுதான்.

பிறகு தண்ணீர். மோட்டாரில் ரப்பர் குழாயைச் சொருகி, வாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தில் படுமாறு பீய்ச்சினார். பாதிப் பூச்சி அதிலேயே கழன்று விழுந்தது. விழுந்தவை திரும்ப ஏறாமல் இருக்க மண்ணில் ஒரு பழைய சாக்கை விரித்து, பிறகு அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கினார். கணுவுக்குள் ஒட்டிக்கொண்டு வராத மிச்சத்துக்குத்தான் சோப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் திரவச் சோப்பு, பழைய பல்துலக்கும் பிரஷ். மாவுப்பூச்சியின் மேலிருக்கும் வெள்ளை மெழுகுதான் அதற்குக் குடை. அந்தக் குடை இருக்கும்வரை எந்த மருந்தும் உடம்பில் படாது. கடை மருந்தை மூன்று முறை அடித்தும் போகவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். சோப்பு அந்த மெழுகைக் கரைக்கும், பிரஷ் அதைத் துடைத்தெடுக்கும். அரை மணி கழித்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் இலை கருகும். மணிபிளான்ட் மாதிரி மெல்லிய செடி என்றால் ஒரு இலையில் தடவிப் பார்த்து, மறுநாள் நன்றாக இருந்தால் மற்ற இலைகளுக்குப் போகலாம். ஓரிரண்டு பூச்சிதான் என்றால் இவ்வளவும் வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும்.

இதை ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. பெண் பூச்சி பஞ்சுப்பை மாதிரி ஒரு உறைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உறைக்குள் இருக்கும் முட்டையைச் சோப்பு முழுதாகத் தொடாது. ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரியும். அதனால் வாரம் ஒருமுறை என்று மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். தினமும் மூன்று வேளை தழை போட்டுப் பழகிய வீட்டுக்கு இது பெரிய வேலையாகத் தெரிவதில்லை. டவுன் வீடுகளில்தான் இரண்டாவது வாரம் மறந்துபோகிறது.

அடுத்தது எறும்பு. இந்த இடத்தில் பட்டு விவசாயிகளுக்கு மற்றவர்களைவிட ஒரு அனுபவம் கூடுதல். புழுத் தட்டு அடுக்கிய தாங்கியின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் நிறுத்துவது இவர்களின் பழைய வழக்கம். இல்லாவிட்டால் எறும்பு ஏறிப் புழுவைக் கடித்துக் கொன்றுவிடும். அதே வித்தையைத் தொட்டிக்குச் செய்கிறார்கள். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் தொட்டி. மாவுப்பூச்சி வெளிவிடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் கறவை மாடுபோல் காவல் காக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பின் வழியை அறுத்துவிட்டால் காவல்காரன் போன தோட்டம் மாதிரிதான். தட்டுத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு வேறு வம்பு வரும். தரையில் நிற்கும் செடிக்குத் தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன் மேல் வண்டிக்குப் போடும் கிரீஸ் தடவுகிறார்கள். தண்டில் நேராகத் தடவினால் பட்டை கெட்டுவிடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகன், இரண்டாவது வாரம் பிரஷ்ஷை வாங்கித் தானே தேய்க்க ஆரம்பித்தார். ஒரு கொம்பில் மற்றதைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு ஒன்று நகர்ந்தது. பெரிய மாவுப்பூச்சி என்று நசுக்கப் போனபோது அம்மா கையைப் பிடித்தார். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது, மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாவுப்பூச்சி தொட்டால்கூட மெதுவாகத்தான் நகரும். இது விறுவிறுவென்று ஓடும், இழைகள் கலைந்த தலைமுடி மாதிரி நீளமாக இருக்கும். வளர்ந்த வண்டு கருப்பு, தலையும் வால்பக்கமும் ஆரஞ்சு நிறம். 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து காபித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. இன்று மல்பெரியில் துக்ரா என்று சொல்லப்படும் கொழுந்து முடிச்சுக்குக் காரணமான இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த இதைத்தான் தோட்டத்தில் விடுகிறார்கள். வீட்டு வாசலில் இந்த நல்ல புழுவை நசுக்கிக் கொன்றவர்களின் எண்ணிக்கை, மாவுப்பூச்சியைக் கொன்றவர்களின் எண்ணிக்கைக்குக் குறைந்திருக்காது.

செம்பருத்தியில் இருக்கும் பூச்சிக்கு இவ்வளவு பாடுபடுவானேன், பிடுங்கி எறிந்தால் ஆயிற்று என்று தோன்றலாம். அதைக் கேட்டால் வயதான விவசாயிகள் 2009-ஐப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரத்தில் ஒரு புது மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர் வைத்தாலும் அது பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, கத்தரி, பருத்தி, கொய்யா, தேக்கு என்று பாய்ந்தது. காட்டில் பயிர் இல்லாத நாளில் பார்த்தீனியத்திலும் துத்தியிலும், வீட்டு வாசல் செம்பருத்தியிலும் தங்கியிருந்து, தழை துளிர்த்ததும் திரும்பி வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1998-ல் இந்தப் பூச்சி முதலில் அகப்பட்டதும் செம்பருத்திச் செடியில்தான். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மல்பெரி வெள்ளை பூசி நின்றது. மருந்து அடித்தால் தழை புழுவுக்கு ஆகாது, அடிக்காவிட்டால் தழையே இல்லை. பலர் செடியை வேரோடு பிடுங்கிவிட்டு மக்காச்சோளத்துக்கும் தென்னைக்கும் போனார்கள். மனைகள் வைக்கோல் போடும் கொட்டகை ஆயின.

தீர்வு வந்தது மருந்துக் கடையிலிருந்து இல்லை. அந்தப் பூச்சியின் சொந்த ஊர்ப் பக்கத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் குளவியைத் தேடி, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அசிரோபேகஸ் பப்பாயே என்று பெயர். கடுகில் பாதிகூட இல்லாத குளவி, மனிதரைக் கொட்டாது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்தக் குளவியைப் பெருக்கி, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாக ஊர் ஊராகக் குப்பிகளில் கொடுத்தார்கள். பட்டு விவசாயிகளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவர்களுக்கு ஒட்டுண்ணி என்றாலே ஊசி ஈதான் நினைவுக்கு வரும். பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைத் துளைத்துத் தின்னும் அந்த ஈக்குப் பயந்துதான் சன்னலுக்கெல்லாம் வலை. இன்னொரு ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து தோட்டத்தில் விடுங்கள் என்றால் யார் உடனே தலையாட்டுவார்கள்? ஆனால் இந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் மட்டும்தான் முட்டையிடும். சில மாதங்களில் பார்வைக்கே தெரிந்தது. பூச்சிகள் உப்பிப் பழுப்பு நிறமாகி, உடம்பில் ஒரு ஓட்டையோடு கூடாக ஒட்டியிருந்தன. அந்த ஓட்டை குளவி வெளியே போன வழி. அடுத்த ஆண்டில் பிடுங்கியவர்கள் திரும்ப மல்பெரி நட ஆரம்பித்தார்கள்.

அந்தக் குளவி போய்விடவில்லை. இன்றும் இந்த வட்டாரத்தில் தானாகப் பெருகி வாழ்கிறது. எங்கே என்றால், மாவுப்பூச்சி கொஞ்சமாவது இருக்கும் இடத்தில். வேலிப் பார்த்தீனியத்தில், ஓரத்துப் பப்பாளியில், வாசல் செம்பருத்தியில். வாசலில் ஒருவர் நஞ்சைத் தெளித்தால் மெழுகுக் குடைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பாதி பிழைக்கும், குடை இல்லாத குளவி முழுக்கச் சாகும். அடுத்த கோடையில் மல்பெரிக்குப் போகும் பூச்சியைத் தடுக்க ஆள் இருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்த வீடுகளில் பிரஷ் போடும்போது பழுப்பாக உப்பிய பூச்சி உள்ள இலைகளை மட்டும் தேய்க்காமல் விடுகிறார்கள். வெட்டிய கொம்பிலும் அப்படி இருந்தால், எரிப்பதற்கு முன் அந்த இலைகளைக் கிள்ளி மெல்லிய துணி கட்டிய ஒரு பாட்டிலில் போட்டு வைத்து, குளவி வெளிவந்ததும் செடிக்குப் பக்கத்தில் திறந்துவிடுபவர்களும் உண்டு. பாட்டிலில் மாவுப்பூச்சியும் இருந்தால் அதைத் திறந்த கையோடு சோப்புத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் 2016-ல் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் கதை ஏறக்குறைய இதேதான். அங்கே என்கார்சியா என்ற குளவி யாரும் விடாமலே தானாக வந்து சேர்ந்தது. மருந்து அடிக்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சுங்கள் என்றுதான் தோப்புக்காரர்களுக்கும் சொல்லப்பட்டது. வீட்டு வாழையிலும் குரோட்டன்ஸிலும் வெள்ளை வட்டம் வட்டமாக முட்டை தெரிந்தாலும் அதுவே போதும். ரோஜா இலை மேலே வெளிறிப் புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் அது மாவுப்பூச்சி இல்லை, சிலந்திப்பேன். அதற்கும் இலையின் அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தால் அடங்கும்.

அந்தத் தெருவில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. நர்சரிச் செடியோ, உறவுக்காரர் கொடுத்த பதியனோ, நேராக வாசலுக்கு வருவதில்லை. முதலில் இலை அடி, கணு, கொழுந்து எல்லாம் பார்க்கிறார்கள். தொட்டியிலிருந்து வேர்க்கட்டியை உருவி, வேரில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். வேரில் வாழும் மாவுப்பூச்சி தனி ரகம், மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது தெரியாது. வேரைக் கழுவி, மண்ணை மாற்றி, ஒரு மாதம் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்ற செடிகளோடு சேர்க்கிறார்கள். புழு மனைக்குள் போகிறவர் கால் கழுவிச் சுண்ணாம்பு மிதித்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வீட்டில் நாலு நாள் கழித்துப் புழு பழுத்துக் கூடு கட்ட ஏறியது. பழைய செம்பருத்தி வெட்டிய இடத்திலிருந்து துளிர்த்து, ஒரு மாதத்தில் சாமிக்குப் பறிக்கும் அளவுக்குப் பூத்தது. திருப்பூரிலிருந்து வந்த அடுக்குச் செம்பருத்தி மட்டும் இன்னும் முருங்கை மரத்தடியில்தான் இருக்கிறது. கடைசியாகத் தேய்த்தபோது ஒரு கணுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்ததாம். மகன் போனில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார். “இன்னும் ஒரு வாரம் போகட்டும் கண்ணு” என்கிறார் அம்மா.